தருமபுரி மேட்டுக்காட்டில் சோலார்: வெயில் போதும், கம்பி போதுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பாலக்கோடு வட்டத்தில் உங்கள் குடும்பத்துக்கு 6 ஏக்கர். அதில் 4 ஏக்கர் மானாவாரி மேட்டுக்காடு, 2 ஏக்கர் போர் பாசனம். சோலார் கம்பெனிக்காக என்று ஒரு தரகர் வந்து, ஏக்கருக்கு வருடம் 25,000 ரூபாய், 30 வருடக் குத்தகை என்கிறார். பத்திரச் செலவுக்கு முன்பணமும் கேட்கிறார். "நாடு முழுக்க சோலார் வளர்கிறது என்கிறார்கள், இவ்வளவு வெயில் அடிக்கிற நம் மாவட்டத்தில் ஏன் பெரிதாக ஒன்றும் வரவில்லை? இதை நம்பி நிலத்தைக் கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போர் மோட்டாருக்கும், தருமபுரி டவுனில் உள்ள வீட்டு மாடிக்கும் சோலார் போடலாமா என்பது துணைக் கேள்வி. கேள்வியில் வெயில் இருந்தாலும் உங்கள் கவலை வேறு என்று நினைக்கிறேன். இன்னும் 30 வருடத்துக்கு அந்த மின்சாரத்தை வாங்க ஆள் இருக்குமா, இருந்தால் அந்தக் காசில் நிலத்துக்காரனுக்கு என்ன பங்கு, அவ்வளவுதான். நான் மின்வாரியத்தில் விநியோகப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ஓசூர் பக்கம் சிறு ஆலைகளுக்குக் கூரை சோலார் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். மின்சாரம் பற்றி உறுதியாகப் பேச முடியும். நிலச் சட்டம் என் துறை கிடையாது, அதற்கு வக்கீலிடம் போங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. நாட்டில் சோலார் வளர்வது அரசு விளம்பரம் இல்லை, விலைக் கணக்கு. 2010இல் தேசிய சோலார் திட்டம் தொடங்கியபோது 2022க்குள் 20,000 மெகாவாட் என்றுதான் இலக்கு. 2015இல் அதை 1,00,000 மெகாவாட்டாக உயர்த்தினார்கள். 2022 முடிவில் கையில் இருந்தது 63,000 மெகாவாட் சுமார். ஒரு லட்சத்தைத் தொட்டது 2025 ஜனவரியில். தாமதம்தான், ஆனால் 15 வருடத்துக்கு முன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். காரணம், ராமநாதபுரம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் நிலையம் வந்தபோது யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. அடுத்த வருடமே ராஜஸ்தான் பட்லாவில் ஏலம் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு. அப்புறம் விலை கொஞ்சம் மேலேறிவிட்டது, இருந்தாலும் புதிதாக ஒரு நிலக்கரி நிலையம் கட்டி விற்கும் மின்சாரத்தைவிடப் பகல் சோலார் மலிவு என்பதில் இப்போது யாரும் தகராறு செய்வதில்லை. இலக்கில் பெரிதும் பின்தங்கியது கூரை சோலார். ஒரு லட்சத்தில் 40,000 மெகாவாட் கூரையில் வரவேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள், கிட்டே கூடப் போகவில்லை. ஏன் என்பதற்கு உங்கள் வீட்டு மாடிக் கணக்கே பதில் சொல்லும், கீழே வருகிறேன்.

நம் மாவட்டத்து வெயில் போதுமா? போதும். ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அதற்கு மேலும், ஐப்பசி கார்த்திகையில் கம்மியாகவும். ஒரு தப்பான எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சூடு வேறு, வெளிச்சம் வேறு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு எதிரி. பேனலின் அளவு 25 டிகிரியில் சோதித்து எழுதப்பட்டது. சித்திரை மதியத்தில் அது 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் சுமாராகக் குறையும் என்பதால், உச்சி வெயிலில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். அதனால் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் சூடு கம்மி என்பது குறையே இல்லை, கொஞ்சம் லாபம்தான். அங்கே தென்மேற்குப் பருவத்தில் மேகம் அதிகம் நிற்பதால் அந்த லாபம் ஓரளவு கழிந்துவிடும். மொத்தத்தில் கமுதிக்கும் நமக்கும் வெயிலில் உள்ள வித்தியாசம் சிறியது. அதை வைத்து யாரும் திட்டத்தைக் கைவிட மாட்டார்கள்.

பிறகு ஏன் வரவில்லை? நிலமும் கம்பியும். கமுதி நிலையம் பிடித்தது சுமார் 2,500 ஏக்கர். தட்டையான பூமி, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த மலிவான இடம். நம் பக்கம் அப்படி ஒரு தொடர்ச்சியான நிலப்பரப்பைக் காட்டுங்கள் பார்ப்போம். அரை மைல் போனால் ஒரு கரடு, அதைத் தாண்டினால் ஓடை, அதற்கு அந்தப்புறம் காப்புக்காடு. பட்டா எல்லாம் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர், அதிலும் அண்ணன் தம்பி பாகம் பிரிக்காதது. மண்ணைத் தோண்டினால் பாறை. பேனல் தாங்கும் கம்பத்துக்குக் குழி போடவே பாறை துளைக்கும் வண்டி வேண்டும். இதற்கு மேல் பெங்களூர் நெடுஞ்சாலையும் சிப்காட்டும் நில விலையை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டன. 500 மெகாவாட் போட வருகிற கம்பெனி இதையெல்லாம் பார்த்துவிட்டு ராமநாதபுரத்துக்கோ தூத்துக்குடிக்கோ போவது நியாயம்தான். யானையும் ஒரு கணக்கு. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் 3 யானைகள் செத்தது நினைவிருக்கும். அந்தக் காட்டோரத்தில் நூறு ஏக்கரைக் கம்பிவேலி போட்டு அடைத்தால் யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று யோசித்துவிட்டுத்தான் இடம் பார்க்க வேண்டும். (விவசாயிகள் வைக்கும் சோலார் வேலி வேறு சமாச்சாரம். அது பேட்டரியிலிருந்து கண நேரத் துடிப்பாக உதைக்கும், முறையாக வைத்தால் கொல்லாது. லைனிலிருந்து நேராகக் கொக்கி போட்டு எடுப்பதுதான் கொலை.)

பெரிய நிலையம் வறட்சிப் பூமிக்கு என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள, நமக்கு மிக அருகில் உள்ள பாடம் கர்நாடகத்தின் பாவகடா. தும்கூர் மாவட்டம், நம்மைப் போலவே மழை பொய்க்கும் ஊர். திருமணி முதலிய கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரை எடுத்து 2,050 மெகாவாட் போட்டிருக்கிறார்கள். நிலத்தை வாங்கவில்லை, குத்தகைதான். ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்வு. இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது வேறொன்று. விவசாயியிடம் குத்தகை எடுத்தது தனியார் கிடையாது, அரசுக்கும் பங்குள்ள ஒரு பொது நிறுவனம். அது மொத்தமாக எடுத்து, ரோடும் துணை மின்நிலையமும் போட்டு, பிறகு கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஒரு கம்பெனி கைமாறினாலும் விவசாயிக்கு வாடகை தரவேண்டிய ஆள் மாறவில்லை. நிலம் வைத்திருந்தவர்களுக்கு மழையை நம்பாத வருமானம் கிடைத்தது. நிலமில்லாமல் கூலிக்குப் போனவர்களுக்கும் ஆடு மாடு மேய்த்தவர்களுக்கும் வேலை போனது. கட்டுமானம் நடக்கும் வரைதான் ஆள் தேவை, பிறகு காவலுக்கும் பேனல் கழுவவும் சிலர் போதும். உங்கள் ஊரிலும் இது நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

கம்பி விஷயத்துக்கு வருகிறேன், என் வேலையே அதுதான். மின்சாரம் எங்கே உற்பத்தியானாலும் அதை ஒரு துணை மின்நிலையம் ஏற்க வேண்டும். அந்த டிரான்ஸ்பார்மரில் இடம் இருக்க வேண்டும், அங்கே போகும் லைன் தாங்க வேண்டும். பெரிய நிலையத்துக்கு 110 அல்லது 230 கிலோவோல்ட் லைன் புதிதாக இழுக்க வேண்டியிருக்கும், யாராவது ஒருவர் கொல்லையில் கோபுரம் நிற்க வேண்டியிருக்கும். உயர்மின் கோபுரத்துக்கு எதிராக மேற்கு மாவட்ட விவசாயிகள் 2018 கடைசியில் எவ்வளவு கடுமையாகப் போராடினார்கள் என்று நமக்குத் தெரியும். இழப்பீடு சரியாக இல்லை என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம். வாரியத்தில் இருந்தபோதும் இதைச் சொன்னேன்.

அடுத்தது நேரம். இதைப் பற்றித் தரகர் ஒரு வார்த்தை பேசமாட்டார். சோலார் காலை 9க்கு ஏறி மாலை 5க்கு இறங்கிவிடும். மாலை 6 மணிக்கு மேல் வீட்டில் விளக்கு, டிவி, ஏசி எல்லாம் போடுகிற நேரத்தில் அது பூஜ்யம். 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தக் கோடைப் பகலைத் தாண்ட சோலார் பெரிதும் உதவியது. ஆனால் ராத்திரி 10 மணிக்கும் ஏசி ஓடுகிறது, அதற்கு நிலக்கரியும் வெளிச்சந்தையும்தான் கதி. மறுபுறம் ஆடி மாதக் காற்றில் காற்றாலைகள் சுற்றும்போது பகலில் மின்சாரம் மிஞ்சும். அப்போது சோலார் நிலையத்தை நிறுத்தச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் இப்படி நிறுத்தியது வழக்காகி, 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், கிரிட் (மின்கட்டமைப்பு) பாதுகாப்புக்காக அல்லாமல் விலைக் காரணத்துக்காக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் இழப்பீடு தரவேண்டும் என்று சொன்னது. வாங்குகிற மின் நிறுவனமோ ஒரு லட்சம் கோடிக்கு மேல் கடனில் இருக்கிறது, பில் தாமதமாகும். இந்த ஆபத்தையெல்லாம் கம்பெனி விலையில் சேர்த்துவிடும், அல்லது குத்தகையைப் பிடித்து உங்கள் தலையில் கட்டும்.

தீர்வு சேமிப்பு. தண்ணீரை மேலே ஏற்றி இரவில் விட்டு மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் கடம்பாறையில் 1980களிலிருந்தே இருக்கிறது. நீலகிரி குந்தாவில் 500 மெகாவாட் கட்டுமானத்தில் உள்ளது. பேட்டரி விலை சரசரவென இறங்குகிறது, பேட்டரியோடு சேர்ந்த சோலாருக்கு நாடெங்கும் டெண்டர் போகிறது. இது வரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எத்தனை வருடத்தில், என்ன விலையில் என்று யாராவது அடித்துச் சொன்னால் அதை நம்பாதீர்கள். பேட்டரி இல்லாமலேயே செய்யக்கூடிய ஒன்றும் நம்மிடம் உண்டு, ஏன் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்று தெரியவில்லை. 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரித் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றி, தொட்டிகளில் நிரப்பி, ஓசூர் வரை கொண்டுபோகிறது. தண்ணீரை எந்த நேரத்தில் ஏற்றினாலும் தொட்டியில்தான் நிற்கும். முடிந்த அளவு மோட்டாரைச் சோலார் நேரத்தில் ஓட்டினால் அந்தத் தொட்டியே பேட்டரி. இது என் சொந்தக் கருத்து, குழாயின் கொள்ளளவு எவ்வளவு இடம் கொடுக்கும் என்று அங்கே வேலை செய்பவர்கள்தான் சொல்ல வேண்டும். விவசாய மோட்டார்களில் இந்த வேலை ஓரளவு நடந்தும் வருகிறது. முன்பு பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம் என்று மும்முனை கொடுத்ததும், நடுராத்திரியில் டார்ச் லைட்டோடு மோட்டார் போடப் போய்ப் பாம்பு மிதித்த கதைகளும் உங்கள் அப்பாவைக் கேட்டால் சொல்வார். பகல் மின்சாரம் கூடக் கூட விவசாயச் சுமையைப் பகலுக்குத் தள்ளுவதில்தான் வாரியத்துக்கும் லாபம்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் பொருந்துவது பெரிய பூங்கா இல்லை என்பது என் முடிவு. பொருந்துவது இரண்டு. ஒன்று, ஓசூர் வட்டாரத்து ஆலைக் கூரைகள். அங்கே பகல் ஷிப்டில் மின்சாரம் ஓடும் நேரமும் வெயில் நேரமும் ஒன்று. தொழிற்சாலைக் கட்டணம் அதிகம் என்பதால் போட்ட காசு சீக்கிரம் திரும்பும். புது லைனும் வேண்டாம், விளைநிலமும் போகாது. தடை என்றால், பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை எடை தாங்காது. கூரையில் உற்பத்தி செய்வதற்கே வாரியம் வாங்கும் நெட்வொர்க் சார்ஜ் (மின்கம்பிக் கட்டமைப்புக்கான கட்டணம்) சிறு தொழில்காரர்களை நெடுநாள் கடுப்பேற்றியது, 2023இல் அவர்களுக்கு அதைப் பாதியாகக் குறைத்த பிறகு கொஞ்சம் மூச்சு விடுகிறார்கள். கிரானைட் குவாரிப் பக்கம் என்றால் தூசி, வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் உற்பத்தி கண்ணுக்குத் தெரிந்தே விழும்.

இரண்டாவது, உங்களுக்குப் பொருந்துவது: துணை மின்நிலையத்தை ஒட்டிய சின்ன நிலையம். 2019இல் விவசாயிகளுக்கான சோலாருக்கென்று மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். குசும் திட்டத்தின் முதல் பிரிவு இதற்காகவே உள்ளது. விளைச்சல் குறைந்த நிலத்தில் அரை மெகாவாட் முதல் 2 மெகாவாட் வரை, துணை மின்நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் போடலாம். விவசாயி தானே போடலாம், குழுவாகச் சேர்ந்து போடலாம், குத்தகைக்கும் விடலாம். ஒரு மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர். உங்கள் மேட்டுக்காடு கிட்டத்தட்ட அந்த அளவுதான். இந்த மின்சாரம் பக்கத்துப் போர் மோட்டார்களிலேயே செலவாகிவிடும். நூறு மைல் தூரம் ஓடி லைனில் நஷ்டமாகாது.

இப்போது தரகர் சொன்ன தொகையைப் பார்ப்போம். ஒரு மெகாவாட் வருடத்துக்கு 15 லட்சம் யூனிட் தரும். யூனிட் 3 ரூபாய் என்று வைத்தால் 45 லட்சம் ரூபாய். நாலரை ஏக்கருக்கு அவர் தருவது 1 லட்சத்துச் சொச்சம், அதாவது வருமானத்தில் இரண்டரை சதவீதம். உங்கள் மேட்டுக்காட்டில் நல்ல மழை வருடத்தில் ஏக்கருக்கு 8 குவிண்டால் கேழ்வரகு வந்தால், 2024-25 ஆதரவு விலை 4,290 ரூபாய்க்கு அது 34,000. உழவு, களை, அறுப்பு போக மிஞ்சுவது பாதி, கூடவே மாட்டுக்குத் தட்டு. மழை இல்லாத வருடம் கையைக் கடிக்கும். அதனால் 25,000 முதல் வருடம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உயர்வு இல்லாமல் 30 வருடம் என்றால், விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினாலே, கடைசி வருடத்து 25,000 இன்றைய 6,000 ரூபாய்க்குச் சமம். ஆகவே உயர்வு விகிதம் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் பேச்சே வேண்டாம். கம்பெனி செலவில் நிலம் மிகச் சிறிய பங்கு என்பதால் அவர்களால் இன்னும் கொடுக்க முடியும். எந்த அளவுக்கு என்பதைத் தீர்மானிப்பது உங்கள் கொல்லைக்கும் துணை மின்நிலையத்துக்கும் உள்ள தூரம். புது லைனுக்குக் கிலோமீட்டருக்குப் பல லட்சம் ஆகும். பக்கத்தில் இருந்தால் உங்கள் நிலத்துக்குத் தனி மதிப்பு, தைரியமாகப் பேரம் பேசுங்கள். 8 கிலோமீட்டர் தள்ளி இருந்தும் ஒருவர் ஆர்வம் காட்டுகிறார் என்றால் அவர் போடப்போவது சோலார்தானா என்று எனக்குச் சந்தேகம் வரும். பகுதிப் பொறியாளர் அலுவலகத்துக்கு நேரில் போய், அந்த நிலையத்தில் எத்தனை மெகாவாட் ஏற்க இடம் இருக்கிறது, யாராவது ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தரகரிடம் கேட்பதைவிட இது நல்லது.

ஒப்பந்தத்தில் நான் பார்க்கச் சொல்லும் வேறு சில விஷயங்கள்: பதிவு செய்த குத்தகையாக இருக்க வேண்டும், கம்பெனி உங்கள் நிலத்தை அடமானம் வைக்க உரிமை தரக்கூடாது, கட்டுமானம் இத்தனை மாதத்துக்குள் தொடங்காவிட்டால் குத்தகை ரத்து என்று இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நிலத்தைப் பூட்டி வைத்து வேறொருவருக்குக் கைமாற்றுவார்கள். முடிவில் பேனல், கம்பம், கான்கிரீட் எல்லாவற்றையும் எடுத்துச் செல்வது யார் செலவு என்பதற்கு ஒரு வைப்புத் தொகை இருக்கட்டும். பேனல் வருடத்துக்கு அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் திறன் இழக்கும், 25 வருடம் கழித்தும் எண்பது சதவீதத்துக்கு மேல் வேலை செய்யும். அதனால் நடுவில் ஓடிப்போவார்கள் என்ற பயம் பெரிதாக வேண்டாம், ஆனால் கடைசியில் குப்பையை உங்கள் தலையில் விட்டுப் போகும் பயம் நியாயமானது. வேலிக்குள் மாட்டிக்கொள்ளும் பக்கத்துக் கொல்லைக்காரர் வழித்தடம், இலவச மின் இணைப்பு உள்ள சர்வே எண் இவை இரண்டும் குத்தகைக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேனலுக்குக் கீழே விவசாயம் செய்யலாம் என்பார்கள். ஜோத்பூரில் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் இதைச் சோதித்திருக்கிறது, நடக்கக்கூடியதுதான். ஆனால் உயர்த்திப் போட இரும்புச் செலவு கூடும் என்பதால் சாதாரணக் குத்தகையில் யாரும் செய்து தரமாட்டார்கள். செம்மறி ஆடு மேய்க்க அனுமதி கேட்டால் கிடைக்கலாம், அவர்களுக்கும் புல் வெட்டும் செலவு மிச்சம்.

போர் மோட்டார் கேள்விக்குச் சுருக்கமான பதில்: உங்களுக்கு வேண்டாம். 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், இணைப்பும் உங்களிடம் இருக்கிறது, பிறகு கைக்காசு போட்டு எதை மிச்சம் பிடிப்பீர்கள்? இணைப்புக்காகக் காத்திருப்பவர்களுக்கு வேளாண் பொறியியல் துறை 60 முதல் 70 சதவீதம் மானியத்தில் தரும் சோலார் பம்ப் நல்ல வழி, ஆனால் ஆழத்தைப் பார்க்க வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஆயிரம் அடி தூக்க, நஷ்டமே இல்லாவிட்டாலும் 0.83 யூனிட் வேண்டும். பம்பின் திறன் 40 சதவீதம் என்றால் 2 யூனிட். 5 குதிரைத்திறன் பம்புக்குப் போடும் பேனல் நாளுக்கு 20 யூனிட் தரும், ஆக 10,000 லிட்டர். ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் பாய்ச்சவே ஒரு லட்சம் லிட்டர் தேவை. அதே பம்ப் நூறடிக் கிணற்றில் என்றால் தண்ணீர் பத்து மடங்கு. நீங்கள் போரின் ஆழத்தை எழுதியிருக்கிறீர்கள். கணக்குக்கு வேண்டியது போரின் ஆழம் கிடையாது, கோடையில் தண்ணீர் நிற்கும் மட்டம். நம் பக்கத்துப் பல பிர்க்காக்களில் அது வருடா வருடம் இறங்குகிறது. காசில்லாத மின்சாரம் ஏற்கெனவே செய்த வேலையை, காசில்லாத வெயில் இன்னும் வேகமாகச் செய்துவிடுமோ என்பது என் உண்மையான பயம். ஆழத் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதல் என்பதற்காகத்தானே ஒகேனக்கல் தண்ணீரே வந்தது. மிஞ்சும் மின்சாரத்தைக் கிரிட்டுக்கு விற்றுக் காசு வாங்கும் முறை விரிவாக வந்தால் இந்தப் பயம் குறையும். தண்ணீர் எடுக்காமல் இருப்பதற்கும் வருமானம் என்றால் விவசாயி தானாகவே மோட்டாரை நிறுத்துவார்.

வீட்டு மாடி: இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் என்று எழுதியிருக்கிறீர்கள். 2022 செப்டம்பர் கட்டணப்படி முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 225, அடுத்த 100க்கு 450, மொத்தம் 675 ரூபாய். அதன்பின் கொஞ்சம் ஏறியிருக்கிறது. வருடத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம். மூன்று கிலோவாட் போட 2 லட்சம் சுமார், 2024இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தின் மானியம் 78,000 போக உங்கள் கைக்காசு ஒன்றேகால் லட்சம். அந்தக் காசு திரும்ப 30 வருடம் ஆகும். இதுவே 800 யூனிட் ஓடும் வீடு என்றால் அதே கட்டணத்தில் பில் 4,550, வருடத்துக்கு 27,000க்கு மேல். அவர்களுக்கு 5 வருடத்தில் திரும்பிவிடும். தமிழ்நாட்டில் சாதாரணக் குடும்பம் கூரை சோலார் போடாததற்குச் சோம்பலோ அறியாமையோ காரணம் இல்லை, இலவச 100 யூனிட்டும் அடுத்த படிகளின் குறைந்த விலையும்தான். அதை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, காரணம் அதுதான் என்கிறேன். நீங்கள் ஏசியும் மின்சார ஸ்கூட்டரும் வாங்கிய பிறகு இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். இன்னொன்று, கிரிட்டோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும். லைனில் வேலை செய்யும் லைன்மேன் மீது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. போட்டுவிட்டு "பவர்கட்டில் ஓடவில்லையே" என்று சண்டைக்கு வருபவர்கள் நிறையப் பேர்.

பேனல் எல்லாம் சீனாவிலிருந்துதானே, அங்கே கதவைச் சாத்திவிட்டால் என்ன ஆகும் என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுப் பேனலுக்கு 40 சதவீதமும், பேனலுக்குள் இருக்கும் சோலார் செல்லுக்கு 25 சதவீதமும் சுங்கம் போட்ட பிறகு உள்நாட்டு ஆலைகள் பெருகிவிட்டன, திருநெல்வேலி கங்கைகொண்டானிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் பெரிய ஆலைகள் ஓடுகின்றன. ஆனால் செல்லுக்கு அடிப்படையான சிலிக்கான் வில்லைக்கு இன்னும் சீனாவைத்தான் நம்பியிருக்கிறோம். விலை ஏறி இறங்கும், திட்டங்கள் தள்ளிப்போகும். ஏற்கெனவே நட்ட பேனலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

கடைசியாக அந்த முன்பணம். உண்மையில் நிலம் குத்தகைக்கு எடுக்க வருகிற கம்பெனி உங்களுக்குத்தான் முன்பணம் தரும், உங்களிடம் வாங்காது. குசும் பெயரில் போலி இணையதளங்கள் பதிவுக் கட்டணம் வசூலிப்பதாக மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமே பலமுறை எச்சரித்திருக்கிறது. தரகரிடம் கம்பெனியின் பெயர், பதிவு எண், மின்சாரத்தை வாங்க மின் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்த நகல் இந்த மூன்றையும் கேளுங்கள். கொண்டு வந்தால் நகலை இங்கே பெயர்களை மறைத்துப் போடுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன். துணை மின்நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.